ஈரத் துணியா குணப்படுத்தியது?

திருத்தணி மலைக்கோயிலுக்கு நடந்து செல்பவர்களுக்கு 365 படிகள். வண்டியில் செல்பவர்களுக்கு மலையை வளைத்து ஏறும் தார்ச் சாலை. சென்ற இரண்டு ஆண்டுகளில் கிருத்திகை நாளன்று அந்தச் சாலையில் சென்றவர்கள், பழைய பியட் கார் ஒன்று வளைவில் நின்றுவிட்ட காட்சியைக் கண்டிருக்கக்கூடும். பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த ஒரு கருங்கல், திறந்து கிடக்கும் பானெட், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு முதியவர். பின்னால் ஆரன் அடித்தபடி பத்துப் பதினைந்து வண்டிகள். அந்த முதியவர் என் தாய்மாமன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று, அரக்கோணம் பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கிறார்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அந்தக் கார் தலையில் நன்றாக ஒரு குட்டு வைத்தது. அந்தக் கதையை உங்களிடம் சொல்லி, உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தைப் பற்றிய என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

கார், பிரீமியர் பத்மினி. இத்தாலியின் பியட் 1100 மாதிரியை ஒட்டிப் பம்பாயில் தயாரான வண்டி. 1970-களிலும் 80-களிலும் நம் சாலைகளில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை இதுவும் அம்பாசிடரும்தான். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு கார்களும் கொஞ்சம் ஓடின. பத்மினியின் தயாரிப்பு 2000-ஐ ஒட்டி நின்றது. அம்பாசிடர் 2014 வரை தாக்குப்பிடித்தது. மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகளும் 2023 அக்டோபரில் விடைபெற்றுவிட்டன. மாமாவின் வண்டி மட்டும் விடைபெற மறுக்கிறது.

இந்தக் கார்கள் எல்லாவற்றிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்ப்புரேட்டர் என்ற கருவி. மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை; உங்கள் பாடப்புத்தகத்தின் பெர்னௌலி தேற்றம் ஒன்றுதான் அதன் மூளை. காற்று செல்லும் குழாயின் நடுப்பகுதி இடுப்புப் போல ஒடுங்கியிருக்கும். ஒடுக்கத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். பெர்னௌலி 1738-இல் எழுதிய நூலில் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைக் காட்டினார். ஒடுங்கிய குழாயை ஆராய்ந்து 1797-இல் எழுதியவர் வெஞ்சுரி என்ற இத்தாலியர். அந்த இடுப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒடுக்கத்தின் நடுவே ஒரு சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மறுமுனை பக்கத்துச் சிறு கிண்ணத்தில் உள்ள பெட்ரோலில் மூழ்கியிருக்கும். கிண்ணத்தின் மேல் வளிமண்டல அழுத்தம். குழலின் வாயில் அதைவிடக் குறைந்த அழுத்தம். ஆகவே பெட்ரோல் பீறிட்டுக் காற்றோடு கலக்கிறது. ஜெர்மனியில் மேபாக் 1893-இல் அமைத்த கார்ப்புரேட்டரின் சாரம் இதுதான்.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறாமல் இருக்க ஒரு மிதவையும் ஊசி வால்வும் உண்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் உள்ள பந்து வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், வால்வு திறக்கும். காரின் பின்புறத் தொட்டியிலிருந்து கிண்ணம் வரை பெட்ரோலைக் கொண்டுவருவது பம்பின் வேலை. பத்மினியில் இந்தப் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். ஒரு சவ்வு மேலும் கீழும் அசையும். ஒரு வழி மட்டுமே திறக்கும் வால்வுகள் இரண்டு.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். பம்ப் பெட்ரோலை ‘உறிஞ்சுகிறது’ என்று எல்லாரும் சொல்கிறோம். எந்தப் பம்பும் எந்தத் திரவத்தையும் கயிறு கட்டி இழுப்பதில்லை. பம்ப் தன் பக்கம் அழுத்தத்தைக் குறைக்கிறது. தொட்டிக்குள் பெட்ரோலின் மேல் இருக்கும் காற்று அதைத் தள்ளி அனுப்புகிறது. இதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். சொல்லியும், மாமாவின் கார் நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

நின்றது எப்படி என்றால், ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை விக்கும், பிறகு மூச்சடங்கும். ஸ்டார்ட்டரை எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. பம்பின் மேல் ஈரத் துணி சுற்றி இருபது நிமிடம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும்.

முதலில் பார்த்த மெக்கானிக் உடனே சொன்னார்: “வேப்பர் லாக் சார். இந்த ஊர் வெயிலுக்கு இப்படித்தான் பண்ணும்.” வேப்பர் லாக் என்றால் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுவது. பம்ப் திரவத்தைத் தள்ளும். ஆவி கிடைத்தால் அதைச் சும்மா அமுக்கிக்கொண்டிருக்கும். கோடையில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவதை நீங்களே செய்தியில் கேட்டிருப்பீர்கள். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே அதிசயமில்லை.

மாமா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “ஏம்மா, நீ பிசிக்ஸ் படிச்சவளாச்சே, அவன் சொல்றது சரியா?” என்று கேட்டார். நான் பத்து நிமிடம் விளக்கினேன். பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் சில 40 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கத் தொடங்கும். மலையேறும்போது எஞ்சின் கூடுதலாகச் சூடாகிறது. ஈரத் துணியின் நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொண்டு பம்பைக் குளிர்விக்கிறது. எல்லாம் சரியான இயற்பியல். ஒரு வாக்கியத்தில்கூடப் பிழையில்லை. மாமாவுக்கு ஒரே திருப்தி. எனக்கும்தான்.

பம்ப் மாற்றப்பட்டது. கார் நின்றது. பெட்ரோல் குழாயை எஞ்சினிலிருந்து விலக்கிக் கட்டினார்கள். நின்றது. இன்னொரு மெக்கானிக் கார்ப்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஊசி வால்வும் ஜெட்டும் புதிதாகப் போட்டார். அடுத்தவர் காயிலையும் கண்டென்சரையும் மாற்றினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து மாமாவின் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேல் செலவு. ஒரு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நின்ற கார், கல் வைப்பதற்குள் இரண்டடி பின்னால் உருண்டது. பின்னால் காவடி எடுத்தவர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. அன்றிரவு மாமா காரை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் அவர் வீட்டுக்கே போனேன். தொலைபேசியில் நோய் பார்த்த வைத்தியர் தாமதமாக நோயாளியைப் பார்க்கப் போன கதை.

மாமா ரயில்வே கார்டு என்று சொன்னேன் அல்லவா? வண்டி எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி எழுதியே பழகிய கை. தன் காருக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், ரிப்பேர், போன இடம், எல்லாம். இரண்டாண்டு நோட்டை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, எழுதிய மாமா உட்பட. நான் ஒரு தாளில் கோடு போட்டு, கார் நின்ற நாட்களை மட்டும் எடுத்து எழுதினேன்.

ஒன்பது முறை நின்றிருந்தது. எட்டு முறை மலைச்சாலையில். ஆனால் அவற்றில் ஒன்று ஐப்பசி மழையில், இன்னொன்று கார்த்திகையில். ஒன்பதாவது, தை மாதத்தில் பனி விலகாத காலையில், மலையே ஏறாமல், நகரிக்குப் போகும் வழியில். “அது வேற மாமூல் இல்லாத கேசும்மா, அன்னைக்கு ஏதோ தூசி அடைச்சிருக்கும்” என்றார் மாமா. நாம் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம். நம் விளக்கத்துக்கு ஒத்துவராத அளவீட்டைத் தூசி என்று தள்ளிவிடுகிறோம்.

பிறகு கார் நிற்காத கிருத்திகைகளையும் எடுத்துப் பார்த்தேன். அவை பதினைந்துக்கு மேல் இருந்தன. வெயில் கொளுத்தும் சித்திரை கிருத்திகையும் அதில் ஒன்று. நின்ற நாளுக்கும் நிற்காத நாளுக்கும் என்ன வேறுபாடு? வெயிலில் இல்லை. ஏற்றம் ஒன்றேதான். காரில் ஏறியவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். வேறுபாடு பெட்ரோல் பத்தியில் இருந்தது. கிருத்திகை இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை வருவதால், ஆங்கில மாதத்தில் அதன் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். ஓய்வூதியம் வந்த வாரத்தில் கிருத்திகை வந்தால், மாமா வழியில் உள்ள பங்கில் கழுத்து வரை பெட்ரோல் நிரப்புவார். மாதக் கடைசியில் வந்தால் இருநூறு ரூபாய்க்குத்தான். கார் நின்ற ஒன்பது நாளும் தொட்டி நிரம்பிய நாட்கள்!

பெட்ரோல் நிறைய இருக்கும்போதுதான் கார் பெட்ரோல் கிடைக்காமல் நிற்கிறது. இதைப் படித்ததும் உங்களில் யாருக்காவது பாயில் நினைவுக்கு வந்திருந்தால், நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

தொட்டியின் கொள்ளளவு 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கழுத்து வரை நிரப்பினால் உள்ளே பெட்ரோலின் மேல் 2 லிட்டர் காற்றுதான் இருக்கும். அதன் அழுத்தம் 76 செ.மீ. பாதரசம். மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்கிறது. பங்கிலிருந்து மலைப்பாதை வரும்வரை அரை லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. 2 லிட்டரில் இருந்த காற்று இப்போது 2.5 லிட்டரை நிரப்ப வேண்டும். பாயில் விதிப்படி அழுத்தம் 76 × 2 ÷ 2.5, அதாவது 60.8 செ.மீ. வெளியே உள்ளதைவிட 15 செ.மீ. பாதரசம் குறைவு. இதைப் பெட்ரோல் கம்பமாக மாற்றினால் ஏறத்தாழ 2.8 மீட்டர். பம்ப் ஏதோ இரண்டு ஆள் ஆழமுள்ள கிணற்றிலிருந்து பெட்ரோல் இறைப்பது போல ஆகிவிடுகிறது.

அதே தொட்டியில் 10 லிட்டர் மட்டும் இருந்தால்? மேலே 30 லிட்டர் காற்று. அரை லிட்டர் செலவானதும் 76 × 30 ÷ 30.5, அதாவது 74.8 செ.மீ. குறைவு ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். பம்புக்கு அது தெரியவே தெரியாது.

கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. காலி இடத்தில் காற்று மட்டும் இல்லை, பெட்ரோல் ஆவியும் இருக்கிறது. நம் கோடையில் அந்த ஆவியின் அழுத்தமே வளிமண்டல அழுத்தத்தில் பாதியை நெருங்கும். இடம் பெருகும்போது இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகித் தன் பங்கை ஈடுகட்டிவிடும். காற்றின் பங்கு மட்டுமே குறையும். ஆகவே உண்மையான குறைவு நம் கணக்கில் பாதியளவு இருக்கலாம். ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். தொட்டியிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் பெட்ரோல் முன்னைவிட எளிதாக ஆவியாகும். ஆகவே வேப்பர் லாக் என்று சொன்ன மெக்கானிக்கும் முழுக்கத் தவறிவிடவில்லை. குழாயில் ஆவி இருந்திருக்கலாம். அது ஏன் வந்தது என்பதற்கு வெயிலைக் குற்றவாளியாக்கியதில்தான் கோளாறு.

அந்தக் காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் தொட்டியின் மூடியிலேயே காற்று புக ஒரு நுண்துளை இருக்கும். மளிகைக் கடைக்காரர் எண்ணெய் டின்னில் இரண்டு துளை போடுவாரே, ஏன்? ஒரு துளை எண்ணெய் வர, மற்றது காற்றுப் போக. அதே கதைதான். மாமாவின் நோட்டில் அதற்கும் பதிவு இருந்தது: பழைய மூடியைப் பங்கில் மறந்து வைத்துத் தொலைத்துவிட்டு, பூட்டுள்ள புது மூடி ஒன்றைக் கடையில் வாங்கியிருக்கிறார். கார் முதல் முறை நின்றதற்குப் பத்து நாள் முன்னால். ரப்பர் வளையத்துடன் கச்சிதமாகப் பொருந்தும் மூடி. துளை கிடையாது.

இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டு மூடியை மாற்றியிருக்கலாம். ஆனால் முன்பு என்னிடம் அழகான விளக்கம் ஒன்று இருந்து அது பொய்த்தது; இப்போது அதைவிட அழகான விளக்கம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதானே? எனவே உள்ளூர் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு சோதித்தோம். கால் தொட்டிப் பெட்ரோலோடு சித்திரை நண்பகலில் மலை ஏறினோம். கார் நிற்கவில்லை. அடுத்த நாள் கழுத்து வரை நிரப்பி, வெயில் ஏறுமுன் சமதளமான அரக்கோணம் சாலையில் ஓட்டினோம். ஏழாவது கிலோமீட்டரில் விக்கி நின்றது. பம்பைத் தொடவில்லை, துணி நனைக்கவில்லை. மூடியைத் திருகியதும் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போன சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. எஞ்சின் சில சுற்றில் பிடித்துக்கொண்டது. மறுபடி நிரப்பி, மூடியைத் தளர்த்தி வைத்து மெதுவாக ஓட்டியபோது நிற்கவே இல்லை.

ஈரத் துணி மட்டும் பாக்கி. இரண்டு ஆண்டுகளாக அதுதானே காரைக் கிளப்பியது? மூடியை மீண்டும் இறுக்கி, நிற்கும் வரை ஓட்டி, இம்முறை துணியும் சுற்றாமல் மூடியும் திறக்காமல் புளியமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து மாமா சாவியைத் திருகினார். கார் கிளம்பியது. காத்திருந்த நேரத்தில் பெட்ரோல் ஆவியாகிச் சற்று ஈடுகட்டியது; எவ்வளவு இறுகிய ரப்பர் வளையமானாலும் கசிந்து காற்று கொஞ்சம் உள்ளே போயிற்று; குழாயில் இருந்த ஆவி மீண்டும் திரவமாயிற்று. குணப்படுத்தியது காத்திருந்த நேரம். பெயர் வாங்கியது துணி. துணி இல்லாமல் ஒரு முறை காத்திருந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. அறிவியலில் இதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். பாட்டி வைத்தியம் முதல் பரீட்சைக்கு முன் கட்டும் தாயத்து வரை, நாம் நம்பும் எத்தனை ஈரத் துணிகளுக்கு இந்தச் சோதனையை வைத்திருக்கிறோம்?

மூடி விஷயம் தெரிந்ததும் மாமாவின் நண்பர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் என்றார். 2025-இல் இந்தியா 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டிவிட்டதாக அரசு அறிவித்ததிலிருந்து, பழைய வண்டிகளின் எல்லாக் கோளாறுகளையும் அதன் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனெனில் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 விழுக்காட்டுக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ. புதிய கார்களில் புகைப்போக்கிக் குழாயில் ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவி இருக்கிறது. அது கலவையைத் திருத்திக்கொள்ளும். கார்ப்புரேட்டரின் ஜெட் என்பது ஒரு துளை. துளைக்கு எத்தனால் தெரியாது. பெட்ரோலுக்கு அளவாக வைத்த துளையில் கலவை சுமார் 8 விழுக்காடு மெலிந்துவிடும். ஏற்றத்தில் இழுவை குறையலாம், எஞ்சின் தயங்கலாம். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கெடுக்கக்கூடும். ஆகவே நண்பர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் கால் தொட்டியில் இருந்ததும் அதே எத்தனால்தான். அன்று கார் நிற்கவில்லையே! மாமாவின் கார் நின்றதற்கு எத்தனாலைக் காரணமாக்க முடியாது.

மெக்கானிக்குகளை இங்கே நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சோதனைக்கு வந்தவர், பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி காட்டினார். வழித்தடத்தை முதலில் நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார். கார்ப்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். பெட்ரோல் பீச்சினால் கிண்ணம் வரை சரி, கோளாறு அதற்கு அப்பால். பீச்சாவிட்டால் கோளாறு பின்னால் எங்கோ. தேட வேண்டிய இடம் ஒரே கேள்வியில் பாதியாகிறது. (இது பெரியவர்களின் வேலை. பெட்ரோல் ஆவி மிக எளிதில் தீப்பிடிக்கும். நீங்களாகத் தொட வேண்டாம்.) பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. “மேடம், அரை மணி யோசிச்சு மூடியைத் தொறந்துட்டா யாரு காசு குடுப்பாங்க? பம்ப் மாத்தினாத்தான் குடுப்பாங்க.” உண்மைதான். மாற்றிய பாகத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம், சிந்தித்ததற்குக் கொடுப்பதில்லை. மதிப்பெண்ணும் நம் பள்ளிகளில் அப்படித்தான் போகிறது.

இங்கேதான் என் கருத்து வருகிறது. செய்முறைத் தேர்வில் தனி ஊசல் கொடுக்கிறோம். g-யின் மதிப்பு 980 வரும் என்று மாணவருக்கு முன்பே தெரியும். தேர்வாளராகப் போகும்போது 979, 981 என்ற விடைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. சிலர் கணக்கைப் பின்னிருந்து போட்டு அளவீட்டை எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப் பன்னிரண்டு ஆண்டு படித்துக் கல்லூரிக்கு வருபவரிடம், மின்சுற்றில் உறைக்குள் அறுந்த கம்பி ஒன்றைக் கொடுத்தால் திகைத்து நின்றுவிடுகிறார். விடை தெரியாத கேள்வியை அவர் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததே இல்லை. தொலைபேசியில் தீர்ப்புச் சொன்ன நானும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான்.

ஆகவே ஒவ்வொரு செய்முறைத் தேர்விலும் ஒரு கோளாறு கண்டுபிடிக்கும் பகுதி வேண்டும் என்கிறேன். ஆசிரியர் ஒளித்து வைத்த ஒரு கோளாறு: செத்த மின்கலம், அடைத்த குழாய், உள்ளே அறுந்த கம்பி. விடைக்குப் பாதி மதிப்பெண் போதும். எந்தச் சோதனையை முதலில் செய்தாய், ஏன், அதனால் எதை விலக்கினாய் என்று எழுதுவதற்கு மீதிப் பாதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாரா என்று பார்க்க வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்காமலேயே நல்ல மதிப்பெண் வாங்கவும் முடிய வேண்டும்.

அறுபது பேர் கொண்ட வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு ஒரு முறை, ஐந்தைந்து பேராக நடத்தினாலும் எனக்குப் போதும். கார்ப்புரேட்டரே மறைந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தக் கதை என்றும் கேட்கலாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் அதைக் காண்பது அரிது. இன்றைய காரில் கருவியைச் செருகினால் கோளாறின் குறி எண் திரையில் வரும். ‘கலவை மெலிந்திருக்கிறது’ என்று எண் சொல்லும். அது நோயின் அறிகுறிக்கு ஒரு பெயர்தான். காற்றுக் குழாயில் வெடிப்பா, பம்ப் தளர்ந்ததா, உணர்கருவியே பொய் சொல்கிறதா என்று எண் சொல்லாது. எண்ணைப் பார்த்தவுடன் உணர்கருவியை மாற்றுபவருக்கும், வேப்பர் லாக் என்றவுடன் பம்பை மாற்றியவருக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் உண்டு, வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மூடியின் கதையை உங்கள் வாயாலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை குடிநீர் நிரப்பி, உறிஞ்சு குழலை அடிவரை விட்டு, பாட்டில் வாயைச் சப்பாத்தி மாவால் காற்றுப் புகாமல் அடைத்து, உறிஞ்சுங்கள். ஒரு மிடறு வருவதற்குள் நின்றுவிடும். பிறகு கால் பாட்டில் தண்ணீரோடு அதையே செய்யுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்; அது நசுங்கி உங்களை ஏமாற்றிவிடும். ஏன் ஏமாற்றுகிறது என்பதையும் யோசியுங்கள்.

மாமாவின் காருக்குச் சென்னை புதுப்பேட்டையில் துளையுள்ள பழைய மூடி ஒன்று கிடைத்தது. பிறகு வந்த கிருத்திகைகளில் கார் நிற்கவில்லை. ஆனால் ஒரு சிறு குறை இருக்கிறது. இரண்டு நாள் ஓட்டாமல் வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றிய பிறகுதான் கிளம்புகிறது. கார்ப்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்பது மாமாவின் கட்சி. பம்பின் வால்வு தேய்ந்து குழாயில் உள்ள பெட்ரோல் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது என்பது மெக்கானிக்கின் கட்சி. நான் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எதையும் மாற்றாமல், ஒரே ஒரு சோதனையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட என்ன செய்யலாம்? இந்தக் கட்டுரையிலேயே அதற்கான வழி இருக்கிறது. எழுதி அனுப்புங்கள்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் செய்து பார்க்கிறோம்.